எந்தத் தோட்டத்துக் கார்?

பீடோரில் கொய்யாத் தோட்ட வேலையை விட்டுவிட்டுத் தாப்பா பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பூச்சிமருந்து வைக்கிற கொட்டகையிலேயே என்னைப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். இரவெல்லாம் நெஞ்சு எரிந்தது. முதலாளியிடம் சொன்னேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள் என்றார். அந்தக் கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டேன். போகிற இடத்தை முடிவு செய்துவிட்டு நடக்கும் பழக்கம் எனக்கில்லை. அடுத்த ஊரில் வேலை இருக்கும். இல்லாவிட்டால் அதற்கடுத்த ஊரில் இருக்கும்.

வழியில் ஓர் இழுவை லோரி என்னைத் தாண்டிப் போய் நின்றது. முதுகில் ஒரு வெள்ளைக் காரைச் சுமந்திருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். அறுபதைத் தாண்டியவர். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஏன் நடக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

“எந்தத் தோட்டம்?” என்றார்.

மலேசியாவில் தமிழன் தமிழனைப் பார்த்ததும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டாயிற்று, செம்பனையை வெட்டி வீடு கட்டியாயிற்று, நம் சனம் அடுக்குமாடிக்குக் குடிவந்து ஒரு தலைமுறையும் ஆயிற்று. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. என்னிடம் அதற்குப் பதில் கிடையாது. என் அப்பா எந்தத் தோட்டத்திலும் இரண்டாவது தீபாவளி கொண்டாடியதில்லை. அதைச் சொன்னேன்.

“தோட்டம் இல்லாதவனை இன்னிக்குத்தான் பாக்குறேன். ஏறுடா தம்பி,” என்றார்.

ஏறினேன். பேராக் மாநிலத்தில் கார் வைத்திருக்கும் அத்தனை பேரையும் ஒருமுறையாவது அவமானப்படுத்தியவர் அவர் ஒருவர்தான் என்று நான் துணிந்து சொல்வேன். கார் இல்லாதவர்களுக்கு அவர் இன்னும் வழி யோசித்துக்கொண்டிருந்தார்.

ஈப்போ புந்தோங் வட்டாரத்தில் அவருக்கு ‘எந்தத்தோட்டம்’ என்றே பெயர். மற்றவர்கள் அந்தக் கேள்வியை மனிதர்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் கார்களையும் கேட்பார். எங்காவது கார் நின்றுவிட்டது என்று அழைப்பு வரும். மழையில் நனைந்துகொண்டு கார்க்காரர் காத்திருப்பார். இவர் இறங்கிப் போய், எஞ்சினைப் பார்க்க மாட்டார், டயரைப் பார்க்க மாட்டார். கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைக் கைவிளக்கு அடித்துப் படிப்பார். அதில் நீளமாக ஓர் எண் இருக்கும். அதன் எழுத்துகளைப் பார்த்தால் கார் எந்த நாட்டில், எந்த ஊர்த் தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டப்பட்டது என்று தெரிந்துவிடும் என்பார். படித்து முடித்து, காரின் கூரையில் தட்டி, அதனிடமே சொல்வார்: நீ ரவாங் பிள்ளையா. நீ தஞ்சோங் மாலிமா, நம்ம பேராக்குலா. தாய்லாந்தில் பூட்டிய பிக்கப் வண்டியானால் கைகூப்பி, அந்த நாட்டு வணக்கமாக ‘சவாடிகாப்’ என்பார். அதன் உரிமையாளர் அதுவரை அதை ஜப்பான் வண்டி என்று நம்பி மனைவியிடமும் மாமனாரிடமும் சொல்லி வைத்திருப்பார்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. பூட்டின இடம்தான் பிறந்த இடம். மூக்கில் எந்த நாட்டு முத்திரை இருந்தாலும் சரி, கம்பெனிக்காரனின் தாத்தா எந்த ஊராக இருந்தாலும் சரி, கடைசி ஆணியை எந்த ஊரில் முடுக்கினார்களோ அந்த ஊர்தான் அதன் ஊர்.

இதில் அவருக்கு ஏன் இத்தனை கோபம் என்பது அந்த முதல் பயணத்திலேயே, கம்பார் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து என் மடியில் போட்டார். சிவப்பு ஐசி. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம். இருந்துவிட்டுப் போ, ஆனால் நீ எங்கள் ஆள் இல்லை என்பவர்களுக்குச் சிவப்பு. இவர் ஓட்டுப் போட முடியாது. லோரி மைத்துனர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. வங்கிக்குப் போனால் நாற்காலி போட மாட்டார்கள்.

“எங்க பொறந்தீங்க அண்ணே?”

“லகாட் பக்கம், ஆறாங்கட்டைத் தோட்டம். பொறந்தது தோட்டத்துல இல்ல. லோரில.”

அவர் அம்மாவுக்கு விடியற்காலையில் வலி எடுத்திருக்கிறது. தோட்டத்தில் வேறு வண்டி இல்லாததால், ரப்பர் பால் ஏற்றுகிற லோரியில் அவரைத் தூக்கி வைத்து, சுப்பையா என்கிற டிரைவர் பெரிய ஆசுபத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். லகாட்டுக்கும் பத்துகாஜாவுக்கும் நடுவே, ஈயம் தோண்டி விட்ட ஒரு குட்டைக்கரையில் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை இங்கே பிறக்கவில்லையே, நாங்கள் எப்படி எழுதுவது என்று ஆசுபத்திரியில் கேட்டார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் அதையே கேட்டார். அவருடைய அப்பா இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடந்து, பிறகு பாலுக்கு மரம் வெட்டப் போகாவிட்டால் அன்றைய கூலிக்குப் பேர் போடமாட்டார்கள் என்பதால் நடப்பதை நிறுத்திவிட்டார். பிறப்புப் பத்திரம் இல்லாமலே பிள்ளை வளர்ந்து, சிவப்பு ஐசி வாங்கி, லோரி டிரைவராகவும் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வந்தது. மலை, மேகம், கொடி, அதற்கு முன்னால் பளபளவென்று ஒரு கார். நாட்டின் பெருமை என்று எழுதியிருந்தது. அவர் லோரியின் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, அந்தப் பலகையைத் திட்டினார். பலகையைத் திட்டுகிற மனிதரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

“இந்த வண்டி முதல்ல வந்தப்ப முழுசா சீனாவுல பூட்டி, கப்பல்ல வந்து இறங்குச்சுடா. இங்க ஒரு ஆணிகூட முடுக்கலை. மூக்குல பேரை மட்டும் ஒட்டினாங்க. அதுக்கு வந்த அன்னிக்கே நீல ஐசி. எனக்கு எந்த பார்ட்டு வெளியில இருந்து வந்துச்சு, சொல்லு பாப்போம்.”

மடியில் கிடந்த ஐசியை எடுத்து அவர் சட்டைப்பையில் திருப்பி வைத்தேன். ஈப்போவில் இறக்கிவிடும்போது, சங்கிலி மாட்ட ஆள் வேண்டும், இருக்கிறாயா என்றார். இருந்தேன்.

அவரிடம் வேலை பார்த்தபோது நான் இழுத்த கார்களைவிடப் பிரித்துவிட்ட சண்டைகள் அதிகம். ஒரு பல் வைத்தியர் தன் காரைப் பாதி வழியில் இறக்கச் சொல்லி, வேறு லோரி கூப்பிட்டுக்கொண்டார். ஓர் ஆசிரியை, கார் எங்கே பிறந்தால் என்ன, என் பிள்ளை பள்ளியில் காத்திருக்கிறது என்று அழுதுவிட்டார். அவர் விஷயத்தில் மட்டும் இவர் வாயை மூடிக்கொண்டு, சிவப்பு விளக்கைக்கூட மதிக்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினார். இறங்கும்போது மட்டும் தாங்க முடியாமல், வண்டி நல்ல வண்டி டீச்சர், ரவாங் என்றார்.

அவர் சொன்னது எல்லாமே சரி என்றும் சொல்லமாட்டேன். ஒருமுறை ஒரு பழைய காரின் தகட்டை எலி கரண்டியிருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்து, இந்தோனேசியா என்று தீர்ப்புச் சொல்லி, அதன் உரிமையாளரிடம் அரைமணி நேரம் இந்தோனேசியாவைப் பற்றிப் பேசினார். அந்தக் கார் ஜோகூரில் பூட்டியது என்று பிறகு தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனார். மனிதரிடம் இல்லை, காரிடம்.

அவருக்குச் சரிக்குச் சரி நின்றவர் பாக்கியம் அக்கா ஒருவர்தான். புந்தோங்கில் ஒட்டுக்கடை வைத்திருந்தார். தகரக் கூரை, நாலு மேசை, கோப்பி, ரொட்டி. அங்கேதான் நாங்கள் அழைப்புக்காகக் காத்திருப்போம். எந்தத்தோட்டம் தன் சட்டத்தைச் சொல்லி முடிக்கும் வரை அக்கா பேசாமல் பால்டின்னில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார். பிறகு கேட்பார்.

“நீ பொறந்த பால் லோரி எங்க பூட்டினது?”

“அது பழைய காலத்து வண்டிக்கா. இங்கிலீஷ்காரன் லோரி. அங்கயே பூட்டி வந்தது.”

“அப்ப நீ இங்கிலாந்துல பொறந்தவன்லா. லண்டன்ல போய் ஐசி கேளு. இங்க வந்து ஏன் என் மேசையைத் தட்டுற?”

கடையே சிரிக்கும். அவர் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் லோரியில் உட்கார்ந்துகொள்வார். மீதிக் கோப்பியை நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அக்கா அதைச் சூடு பண்ணித்தான் என்னிடம் தருவார்.

அவர் லோரியின் பிறப்பும் அப்படி ஒன்றும் சுத்தம் இல்லை. அடிச்சட்டம் ஜப்பான், தூக்குகிற கை தைவான், எஞ்சின் எங்கோ இடித்து நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து பாதியாக வெட்டி வந்தது, பலகையும் தொட்டியும் மெங்லெம்புவில் ஒரு சீனத் தௌக்கே தன் பட்டறையில் ஒட்டுப்போட்டது. அதைக் கேட்டால், கடைசி ஆணி மெங்லெம்புவில் முடுக்கினது, அதனால் மெங்லெம்புப் பிறப்பு, முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்பார்.

கல்யாணக் கதையைச் சொல்லாமல் போனால் புந்தோங்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

இரும்புக்கடை முதலாளி ஒருவரின் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் கறுப்பு ஜெர்மன் கார், மாலையும் தோரணமுமாகக் கோயிலுக்குப் போகிற வழியில் கூனோங் ராப்பாட்டில் நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு அதிக நேரம் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்ணும் அவருடைய மாமாவும் வந்த பின்கார், நாதஸ்வரக்காரர்களின் வேன் எல்லாம் வரிசையாக நின்றன. சகுனம் கெட்டுவிடக்கூடாது என்று நாதஸ்வரக்காரர் வேனுக்குள்ளிருந்தே வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் சங்கிலியை எடுப்பதற்குள் எந்தத்தோட்டம் போய்க் கதவைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை, கொஞ்சம் காலை நகர்த்துங்க என்றார். பட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு மாப்பிள்ளை நகர்ந்தார். இவர் தகட்டைப் படித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“குளிம்,” என்றார்.

இரும்புக்கடைக்காரர் பாய்ந்து வந்தார். “என்னாய்யா குளிம்? இது ஜெர்மன் கார்.”

“பேரு ஜெர்மன்காரன் வச்சது. பொறந்தது குளிம். இங்க பக்கத்துல கெடாவுல. நல்ல ஊர்தான், ஏன் கோவப்படுறீங்க?”

பெண்ணின் மாமா பின்காரிலிருந்து இறங்கி வந்தார். நிச்சயதார்த்தத்தில் இருந்தே இந்தக் காரைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்.

“கப்பல்ல வந்துச்சுன்னு சொன்னீங்களே மச்சான்?”

“கப்பல்லதான் வந்துச்சு.”

“கெடாவுல இருந்து ஈப்போவுக்கு எதுக்குலா கப்பலு?”

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. கார் பொய் என்றால் கடையும் பொய்தானா என்று ஒரு சித்தப்பா கேட்டார். பெண்ணின் சங்கிலி எந்த ஊரில் செய்தது என்று பதிலுக்கு ஒரு அத்தை கேட்டார். நடுவில் நின்று எந்தத்தோட்டம் இரண்டு தரப்பையும் திட்டிக்கொண்டிருந்தார். குளிமில் பிறப்பது என்ன குற்றமா, அங்கே நம் பிள்ளைகள் வேலை செய்யவில்லையா, நம் பிள்ளைகள் கை பட்டால் மட்டும் காருக்கு மதிப்புக் குறைந்துவிடுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

கடைசியில் பெண்தான் முடிவு கட்டினார். பின்காரிலிருந்து இறங்கி வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லோரியில் ஏறி முன்னால் உட்கார்ந்தார். அண்ணே, ஓட்டுங்க, ஐயர் போயிடுவாரு என்றார். காரை மேலே ஏற்றினோம். இறங்கினால் மரியாதை போய்விடும் என்று மாப்பிள்ளை காருக்குள்ளேயே இருந்துவிட்டார். அப்படியே புந்தோங் கோயில் வாசலில் போய் இறங்கினோம். கீழே மணமகள், மேலே தோரணம் கட்டிய காருக்குள் மணமகன். முருகனே வாகனத்தில் வருவதாக நினைத்து ஒரு கிழவர் கும்பிட்டார். தாலி நேரத்துக்கு ஏறியது. எங்களுக்கு மட்டும் சாப்பாடு போடவில்லை.

இந்த மனிதருக்குத்தான் ஒருநாள் நீல ஐசிக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. முன்பு பலமுறை மனுப்போட்டு, பதிலே வராமல் இருந்தது. இந்தமுறை கூப்பிட்டிருந்தார்கள். இது கைவிட்டுப் போனால் அடுத்தமுறை வரும்போது தான் இருப்பதே சந்தேகம் என்று அவரே சொன்னார். தன் வாய் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் நீ உட்கார், நான் சத்தம் போட ஆரம்பித்தால் காலை மிதி என்றார். பாக்கியம் அக்கா அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து, அங்க போய் நாற்காலி எங்க செஞ்சதுன்னு பாக்காத என்று சொல்லி அனுப்பினார்.

அதிகாரி ஓர் இளம் மலாய்ப் பெண். மரியாதையாகப் பேசினார், அங்கிள் என்றே கூப்பிட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மலாயில் கேட்டார், இவர் மலாயில் சொன்னார். நாட்டுப்பண்ணைப் பாடச் சொன்னபோது எழுந்து நின்று, ஒரு சொல் பிசகாமல் பாடினார். பக்கத்து முகப்பு மேசைகளில் இருந்தவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாநிலங்களின் பெயரைக் கேட்டார். எந்த மாநிலத்தில் எந்தக் கார் பூட்டுகிறார்கள் என்பது உட்படச் சொன்னார். அந்தப் பெண் சிரித்தார். என் கால் மிதிக்கத் தயாராக இருந்தது, தேவையே படவில்லை.

எல்லாம் முடிந்து காகிதங்களை அடுக்கும்போது, பேச்சுக்குக் கேட்பதுபோல அவர் கேட்டார்.

“அங்கிள், கம்போங் மானா?”

இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்பதுதான். உங்கள் கம்பம், அதாவது சொந்தக் கிராமம் எது, பெருநாளுக்கு எந்த ஊருக்குப் போவீர்கள் என்பதைப் போல. எந்தத்தோட்டம் நெஞ்சை நிமிர்த்தினார்.

“நாமக்கல்,” என்றார். “ராசிபுரம் பக்கம். இந்தியா.”

நான் மிதித்தேன். மிதித்து என்ன செய்ய. அந்தப் பெண்ணின் கை காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

ராசிபுரத்தை அவர் கனவில்கூடப் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவே கைக்குழந்தையாகக் கப்பலேறியவர். ஆனால் தோட்டத்து வீடுகளில் நம் எல்லாருக்கும் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். எந்தத் தோட்டம் என்றால் ஒரு பதில். எந்த ஊர் என்றால் வேறு பதில். தோட்டம் இங்கே, ஊர் அங்கே. எனக்குத் தோட்டம்தான் இல்லையே தவிர, தூக்கத்தில் எழுப்பி ஊர் எது என்று கேட்டால் நானும் சேலம் என்றுதான் சொல்லியிருப்பேன். சேலத்துக்குப் போக எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் பதறிப்போய், இல்லை, அது அப்பா ஊர், நான் பிறந்தது லகாட் பக்கம், லோரியில் என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அது புளுகு போலவே கேட்டது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கிள், நீங்கள் இங்கே பிறந்ததை நேரில் அறிந்த மூத்தவர் ஒருவரைக் கூட்டிவந்து சாட்சி சொல்லச் சொல்லுங்கள், மாதக் கடைசிக்குள் வாருங்கள், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார். மாதக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

திரும்பும் வழியில் அந்த விளம்பரப் பலகை வந்தது, திட்டவில்லை. சிம்பாங் பூலாயில் ஒரு கார் நின்றிருப்பதாக அழைப்பு வந்தது. போனோம். சின்னச் சிவப்புக் கார். அவர் கதவைத் திறக்கவில்லை, தகட்டைப் பார்க்கவில்லை. நேராகச் சங்கிலியை மாட்டி மேலே ஏற்றினார். கார்க்காரர் பழைய வாடிக்கையாளர். திட்டு வாங்கத் தயாராக நின்றவர், என்னிடம் வந்து, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

லோரிக்குள் வந்த பிறகுதான் கேட்டேன். ஆறாங்கட்டை என்று சொல்லியிருக்கலாமே அண்ணே?

“அது தோட்டம்டா. கம்பம்னு கேட்டாங்க. தோட்டத்தை எவன்டா ஊருன்னு சொல்லிக்கிட்டான்? வேலை செய்யிற வரைக்கும் வீடு. கம்பெனி கைமாறுனதும் ரெண்டு மாசத்துல காலி பண்ணுன்னு நோட்டீஸ் ஒட்டினான். நோட்டீஸ் ஒட்டுற இடத்தைப் போய் எப்படிடா ஊருன்னு சொல்றது?”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“ஊர்ல இருக்கிற காருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னேன். என் வாயில எங்க தாத்தா ஊரு வருது பாரு.”

ஒட்டுக்கடையில் நடந்ததை நான்தான் சொன்னேன். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. சாட்சிக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தோம். எந்தத்தோட்டத்தின் அம்மா அப்பா இல்லை. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தைப்பிங், பட்டர்வொர்த் என்று சிதறி, அங்கேயே செத்தும் போனார்கள். அப்போதுதான் அக்கா சொன்னார், சுப்பையா டிரைவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், கோயில் திருவிழாவில் பார்த்தாராம். ஆறாங்கட்டை இப்போது செம்பனைத் தோட்டம், வேறு கம்பெனி. ஆனால் மாரியம்மன் கோயிலுக்கு விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று கோயில் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வீட்டை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதில் அவர் இருக்கிறார். போன் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. வருடத்தில் ஒரு நாள் திருவிழாவுக்குக் கேட்டைத் திறந்துவிடுவார்கள். அதுவும் போன மாதமே முடிந்துவிட்டது. மற்ற நாளில் வேலைக்காரர்களைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

நிர்வாகியிடம் போய்க் கேட்கலாமே என்றேன். எந்தத்தோட்டம் தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் விளக்கினார். அந்த நிர்வாகியின் பிக்கப் வண்டியை இவர் ஒருமுறை இழுத்திருக்கிறார். கூலிக்காரர்கள் எல்லாரும் பார்க்க அதைக் கும்பிட்டு ‘சவாடிகாப்’ சொன்னதோடு விடாமல், வண்டியும் தாய்லாந்து, வேலையாளும் வெளிநாடு, இந்தத் தோட்டத்தில் இந்த மண்ணில் பிறந்தது கோயில் ஒன்றுதான் என்று கத்திவிட்டு வந்திருக்கிறார். இந்த லோரியையும் இந்த மூஞ்சியையும் உள்ளே விடாதே என்று காவலாளிக்கு உத்தரவு.

“வாயால கேட்டைச் சாத்திக்கிட்ட ஒரே ஆளு நீதான்,” என்றார் அக்கா. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே கோப்பிக்கு இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டார்.

அவர் கோப்பியைக் குடித்து முடித்தார். ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை. வெளியே போய் லோரியில் உட்காரவும் இல்லை. மேசையைத் தட்டாமல், யாரையும் கேட்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல முதலாளிகளை விட்டு நடந்தவன். கொய்யாத் தோட்டம், கோழிப் பண்ணை, செங்கல் சூளை, எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. மறுநாள் விடிவதற்குள் அவரிடமிருந்தும் கிளம்பினேன். சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் கூடவே வருவார், கேட்டில் நின்று கத்துவார்.

லகாட் வரை பஸ், அப்புறம் நடை. ஆறாங்கட்டைக் கேட்டில் வேலைக்கு வந்திருக்கிறேன் என்றதும் காவலாளி, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரைக் கூப்பிட்டார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்க எப்போதும் ஆள் தேவை. குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும் என்று யாரும் அதில் நிற்பதில்லை. மண்டோர் என் பெயரை எழுதிக்கொண்டு ஒரு சாக்கைக் கொடுத்தார். எந்தப் பக்கம் வேண்டும் என்றார். கோயில் பக்கத்து மர நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பொறுக்கிக்கொண்டே போனேன். நிரை முடிகிற இடத்தில் கோயில், அதற்குப் பக்கத்தில் தகர வீடு. வாசலில் ஒரு பெரியவர் சட்டையில்லாமல், ஒரு பழைய லோரி இருக்கையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். புது ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார்.

“எந்தத் தோட்டம்பா?”

வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் பதில் இருந்தது.

“ஆறாங்கட்டைங்க ஐயா. உங்க பால் லோரில ஒரு பிள்ளை பொறந்துச்சே, அவரு வீட்டுல இருந்து வாரேன்.”

பெரியவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“குட்டைக்கரையில பொறந்து, ஆசுபத்திரி வரைக்கும் கத்திக்கிட்டே வந்தானே, அந்தப் பயலா?”

“அவருதான்.”

“இன்னும் கத்துறானா?”

சாக்கைக் கீழே வைத்தேன்.

“தெனமும் கத்துவாருங்க,” என்றேன். “நேத்து ஒருநாள்தான் கத்தலை. அதான் வந்தேன்.”